லிஃப்டுக்குள் பயந்தது யார்

எங்கள் குடும்பத்தில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கிடைத்தது. அதுவரை நான் எதற்கும் பெரிதாகப் பயந்தவள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடப் போனால் நானே சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக் குளியலறையில் தேரை உட்கார்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. இன்றைக்கும் சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் யாராவது லிஃப்டைப் பற்றிப் பேச்செடுத்தால், உடனே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அப்போது நாங்கள் திருப்பூர் வீரபாண்டியில் குடியிருந்தோம். கணியூர்ப் பக்கம் எங்கள் கிணறு வற்றியதும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா பனியன் கம்பெனிக்கு வந்தவர். நான் நாலாவது படிக்கும்போது துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஆகியிருந்தார். கம்பெனியில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டிலும் யாராவது ஒருமுறை அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று எதிர்பார்ப்பது போலத்தான் நடந்துகொள்வார்.

அப்பாவைப் போல் தைரியசாலி அந்த லைனில் கிடையாது. காம்பவுண்டுக்குள் பாம்பு வந்தால் கவட்டைக் குச்சியோடு முன்னால் போவது அவர். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற பக்கத்து வீட்டுக்காரரைக் கழுத்தைப் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்கார வைத்ததும் அவர்தான். அதையெல்லாம் செய்வதைவிடச் செய்து முடித்த பிறகு சொல்வதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் சுகம் இருந்தது. சொல்லச் சொல்லப் பாம்பு நீளமாகும். நான் வாயைப் பிளந்து கேட்பேன். பயம் என்பது பால் பல்லைப் போல, ஒரு வயதுக்கு மேல் தானாக விழுந்துவிடும் என்றும், அப்பாவுக்கு அது எப்போதோ விழுந்துவிட்டது என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வாரம் சித்திக்குப் பிரசவம் என்று அம்மா தாராபுரம் போயிருந்தார். கம்பெனியிலோ அவசர ஆர்டர். ஞாயிறு என்றாலும் கட்டிங் போட்டுவைத்தால்தான் திங்கட்கிழமை காலையில் தையல் ஓடும். என்னை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அப்பா கூடவே கூட்டிப் போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மற்ற நாட்களில் இரைந்துகொண்டிருக்கும் கட்டடம் அன்று காலியாகக் கிடந்தது. வாசலில் வாட்ச்மேன், மூன்றாவது மாடியில் அப்பா, அவருக்கு உதவியாக இரண்டு பேர். அவ்வளவுதான். உதவியாட்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டார்கள்.

அவர்கள் வருவதற்குள் கீழே குடோனில் இருந்து கொஞ்சம் துணி ரோல்களை மேலே ஏற்றிவிடலாம் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். செல்போனைக் கட்டிங் டேபிளிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். வழக்கமாக அவர் படியில்தான் ஏறி இறங்குவார். லிஃப்டில் ஆட்கள்தான் ரோல்களைக் கொண்டுவருவார்கள். அதை நான் அன்று காலையிலேயே கவனித்திருந்தேன், ஆனால் அதில் நினைக்க ஒன்றுமிருப்பதாகத் தோன்றவில்லை. திரும்பி மேலே சரக்கு லிஃப்டில் போக வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு ரோல்களை உள்ளே உருட்டிவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு தானும் ஏறினார்.

அது மூன்று பக்கம் தகரம் அடித்த கூண்டு. முன்பக்கம் மட்டும் இழுத்துச் சாத்துகிற கிரில் கதவு. ஒவ்வொரு மாடியிலும் அதே மாதிரி இன்னொரு கிரில் கதவு உண்டு. உள்ளே ஒரு கைப்பிடி இருக்கும். அதை மேல்நோக்கித் திருப்பி வைத்தால் லிஃப்ட் ஏறும், கீழ்நோக்கித் திருப்பினால் இறங்கும். கதவு திறந்திருந்தால் நகரக் கூடாது என்றுதான் முதலில் செய்திருந்தார்களாம். ஆனால் அந்த ஸ்விட்ச் கெட்டுப்போய், அவசரத்துக்கு ஒயரை முறுக்கிக் கட்டி, அதுவே நிரந்தரமாகிவிட்டது. கதவு திறந்து கிடந்தாலும் ஓடும். அதனால் எக்காரணம் கொண்டும் கையை வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் கை சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் போய்விடும் என்று அப்பா எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கைப்பிடியைத் திருப்பினார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சுவர் கீழே இறங்க ஆரம்பித்தது. நாம்தான் மேலே போகிறோம் என்று தெரிந்தாலும் சுவர் இறங்குவது போலவே இருக்கும். முதல் மாடியின் தையல் மெஷின்கள் துணி போர்த்தி வரிசையாக நிற்பது தெரிந்தது. அவையும் கீழே இறங்கின. அவை முழுதாக மறைவதற்குள் ஒரு உலுக்கல். லிஃப்ட் நின்றது, தலைக்கு மேலே எரிந்த குண்டு பல்பும் அணைந்தது.

கரண்ட் போவது அந்த வருடங்களில் அதிசயமில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை போகும். நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"கம்முன்னு நில்லு கண்ணு. இப்ப வந்துரும்" என்றார்.

கண் கொஞ்சம் பழகியது. முழு இருட்டும் இல்லை. எங்கள் எதிரில் சுவர். அந்தச் சுவர் எங்கள் காலடிக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே, கூண்டின் தரைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு முழத்துக்கும் சற்றுக் கூடுதலாக இடைவெளி. முதல் மாடி வாசலின் மேல்பகுதி அது. அதன் வழியாக மத்தியான வெளிச்சம் எங்கள் பாதங்களில் மட்டும் விழுந்தது. அப்பாவின் செருப்பும் என் செருப்பும் தெளிவாகத் தெரிந்தன. முகங்கள்தான் தெரியவில்லை.

அப்பா வாட்ச்மேனைக் கூப்பிட்டார். முதலில் கூப்பிட்டது அவர் வழக்கமான குரல்தான். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். மூன்றாவதோ நாலாவதோ கூப்பிட்டபோது குரலில் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. அது அப்பாவின் குரல் மாதிரி இல்லை. எங்கள் பள்ளியில் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்ட பையன் ஒருவன் போட்ட சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அவர் கூப்பிடவில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு என்றால் சாதாரண மூச்சில்லை. தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியவர்கள் இழுப்பது போல இழுத்தார். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். ஒன்று தெறித்துத் தகரத்தில் பட்டது. துணி ரோல்களின் சாய வாசனையை மீறி வேர்வை வாசனை வந்தது. தகரத்தைக் கையால் அடித்தார். அடித்துக்கொண்டே அம்மா, அம்மா என்றார்.

அம்மா தாராபுரத்தில் இருக்கிறாரே, இவர் ஏன் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. சொல்லவும் வாயெடுத்தேன். அப்பாவுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார் என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர் அவர்.

அதுவரை எனக்கு லிஃப்டைப் பற்றிய பயம் துளியும் இல்லை. அப்பாவின் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பயந்தேன். அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. கூட்டத்தில் தொலைந்துபோனால்கூட அப்பா எங்கோ நம்மைத் தேடிக்கொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு இருக்கும். இங்கே கை எட்டும் தூரத்தில் நிற்கிறார், ஆனால் தேடவில்லை.

அப்பா சட்டென்று கிரில் கதவைப் பிடித்து இழுத்தார். அது கடகடவென்று திறந்துகொண்டது. குப்புறப் படுத்து, அந்த இடைவெளிக்குள் கையை விட்டு, முதல் மாடியின் கதவையும் துழாவித் தள்ளினார். அதுவும் நகர்ந்தது. வெளிச்சம் கொஞ்சம் கூடியது. அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. வாய் கோணியிருந்தது. அப்பாவின் முகத்தை யாரோ வாங்கிப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. உடம்பைத் திருப்பி, காலை முதலில் அந்த இடைவெளியில் நுழைத்தார். ஒரு செருப்பு கழன்று கீழே விழுகிற சத்தம் கேட்டது. முழங்கால், தொடை, இடுப்பு என்று அவர் வெளியே நழுவிக்கொண்டிருந்தார்.

கைப்பிடி மேல்நோக்கித் திரும்பியபடியே இருந்தது.

அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கரண்ட் வந்தால் லிஃப்ட் மேலே போகும். மேலே போனால் தரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி இருக்காது. கையை நீட்டக் கூடாது என்று சொன்னவர் பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருக்கிறார். கைப்பிடி என் கைக்கு எட்டாது. எட்டியிருந்தாலும் திருப்ப வேண்டும் என்று தோன்றியிருக்குமா, தெரியவில்லை. நான் அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இழுத்தேன். எங்கே நகர்வார். லிஃப்ட் நகரும் என்று சொன்னேன், கை போய்விடும் என்று சொன்னேன், அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அப்புறம் நான் சொன்னது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை.

"அப்பா, எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா. என்னைய உட்டுட்டுப் போகாதீங்க."

அவர் நழுவுவது நின்றது. கண் மெதுவாகத் திரும்பி வந்து என் முகத்தில் நின்றது. யார் இது என்று யோசிப்பது போல ஒரு பார்வை. நான் இன்னும் சத்தமாக அழுதேன். பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அதையே சொன்னேன். அது பொய்யும் இல்லை. அப்பா கையை ஊன்றி, முனகிக்கொண்டே உடம்பை மேலே இழுத்தார். இடுப்பு வந்தது, கால்கள் வந்தன. முழங்கால் உரிந்து ரத்தம் கசிந்தது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு துணி ரோல்மேல் சாய்ந்தார்.

"நான் இருக்கறன்ல சாமி. எங்கயும் போகுல" என்றார். பல் கிட்டித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. அவர் நெஞ்சு என் காதுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் மனித உடம்புக்குள் கேட்டதில்லை. நான் அவர் முதுகைத் தடவினேன். அவரும் என் முதுகைத் தடவினார். யாரை யார் தேற்றுகிறோம் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

பல்ப் எரிந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கலோடு மேலே கிளம்பியது. எங்கள் காலடியில் இருந்த வெளிச்சம் கோடாகச் சுருங்கி, நறுக்கியது போல அணைந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றபோது வாட்ச்மேன் மூச்சு வாங்க நின்றிருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். படி முழுவதும் ஓடி வந்திருக்கிறார். முதல் மாடி வாசலில் விழுந்த அப்பாவின் ஒற்றைச் செருப்பு அவர் கையில் இருந்தது. அவர் முகம் எங்கள் முகத்தைவிட வெளுத்திருந்தது. கிரில் கதவைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். பொத்தான் தெறித்த சட்டை, உரிந்த முழங்கால், நனைந்த தலை. ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பை அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பிள்ள ரொம்பப் பயந்துட்டா போலிருக்கே மாஸ்டர். மொதல்ல அவளுக்குத் தண்ணி குடுங்க."

அப்பா அவரையே பார்த்தார். செருப்புக்குள் காலை நுழைத்தார்.

"ஆமாங்க. பாப்பா பயந்துருச்சு" என்றார்.

இந்த ஆள் ஒன்றும் விளங்காதவராக இருக்கிறாரே என்று எனக்கு வாட்ச்மேன்மேல் எரிச்சல் வந்தது. யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுகூடவா தெரியாது. ஆனாலும் அவர் நீட்டிய பாட்டிலை வாங்கி நான்தான் குடித்தேன். பிறகு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் மீதி முழுவதையும் குடித்தார்.

அதன்பிறகு வேலை ஓடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன்னும் அவருக்கு டீயும் வாங்கினார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பன் நன்றாக இருக்கிறது என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அன்று சாயங்காலம் பாடப் புத்தகத்தைத் தரையில் போட்டுவைத்திருந்தேன் என்று என்னைத் திட்டினார். அப்படித் திட்டுகிறவரே இல்லை அவர். நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்றும், அது என்ன என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் அம்மா வந்தார். அப்பா அவரிடம் லிஃப்ட் கதையைச் சொன்னார். பாம்புக் கதையைச் சொல்கிற அதே குரல். இருட்டு, பாப்பாவின் அழுகை, மடியில் போட்டுத் தேற்றியது எல்லாம் வந்தன. கிரில் கதவும் இடைவெளியும் வரவில்லை. சொல்லும்போது ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறாள் என்று அம்மா நினைத்திருக்கலாம். கதை லைன் வீடுகளுக்குப் போனது, கணியூருக்குப் போனது, தாராபுரம் சித்தி வீட்டுக்கும் போனது. போன இடமெல்லாம் என் அழுகை கொஞ்சம் வளர்ந்தது.

எனக்குள் இருந்த பயம் வேறு மாதிரி வளர்ந்தது. அந்த முகம் திரும்பி வந்துவிடுமோ என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருமுறை பல்லடம் ரோட்டில் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அப்பாவின் கை மேல்கம்பியில் வெளுத்துப்போய் இருந்ததைக் கீழே இருந்து பார்த்தேன். பயமாக இருக்கிறது, இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் புள்ளையோடு ஒரு இடத்துக்குப் போக முடிகிறதா என்று பக்கத்தில் நின்றவர்களிடம் அலுத்துக்கொண்டே அப்பா அவசர அவசரமாக இறங்கினார். வீடுவரை நடந்தோம். வழியெல்லாம் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் அப்படிப் பல இடங்களில் நடந்திருக்கிறது.

பெரிய வகுப்புக்குப் போனபோது மெய்ப்பாடுகள் எட்டு என்று தமிழய்யா மனப்பாடம் செய்யச் சொன்னார். நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் இருந்தன. நான் அந்த எட்டுக்குள் என் லிஃப்டைத் தேடினேன். அச்சம் இருக்கிறது, சரி. ஆனால் லிஃப்டுக்குப் பயப்படுவதும், பயப்படாத ஒருவர் பயப்படுவதைப் பார்த்துப் பயப்படுவதும் ஒன்றா? அவரைப் பார்த்துப் பயந்தேனா, அவருக்காகப் பயந்தேனா? நம் பயத்தைப் பார்த்துவிட்டவர் எதிரே நிற்கும்போது வருகிறதே, அப்பாவுக்கு பேக்கரியில் வந்தது, அதற்கு என்ன பெயர்? காய்ச்சல் என்றால் வாய்விட்டுச் சொல்லலாம், நாலு பேர் விசாரிப்பார்கள், ரசம் வைத்துக் கொடுப்பார்கள். பெயரில்லாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது, யார்தான் விசாரிப்பார்கள். அதனாலேயே அப்பாவும் நானும் ஒரே வீட்டில் அதை ஆளுக்கொரு பக்கம் சுமந்துகொண்டு திரிந்தோம். அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா மட்டும் ஒரே ஒருமுறை கேட்டார். அப்பா கதை சொன்னதற்கு அடுத்த நாள் காலை. பள்ளிக்குக் கிளம்பும் நேரம். என்னை முன்னால் உட்கார வைத்துத் தலைபின்னிக்கொண்டிருந்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

"லிப்டுக்குள்ள அப்பா எப்பிடி இருந்தாரு?" என்றார்.

"சிரிச்சிட்டுத்தானுங்க இருந்தாரு. நான்தான் அழுதேன்."

அம்மாவின் கை என் தலையில் சற்று நேரம் அசையாமல் இருந்தது. செரி சாமி என்றார். பிறகு நன்றாகப் பின்னி முடித்திருந்த ஜடையை ரிப்பனோடு மொத்தமாக அவிழ்த்துவிட்டு, முதலில் இருந்து, மெதுவாக, திரும்பவும் பின்ன ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் சிணுங்கினேன். அம்மாவை நம்பவைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.